வின் ஸ்கல்லி என்ற பேஸ்பால் வர்ணனையாளரை அமெரிக்கர்கள் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? பேசுவதுதானே அவர் வேலை?

"பேசுவதுதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தைதான் என்னை எழுத உட்கார வைத்தது. நீங்கள் அநேகமாக அமெரிக்காவுக்குப் புதியவர். அலுவலகத்தில் யாராவது அவர் பெயரைச் சொல்லிக் கண்கலங்கியதைப் பார்த்திருப்பீர்கள். 2008-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தபோது எனக்கும் பேஸ்பால் ஒன்றும் தெரியாது.

வேலை முடியும்போது இரவு ஏழு ஆகிவிடும். எங்கள் ஊர் பேஸ்பால் அணியான டாட்ஜர்ஸின் ஆட்டம் தொடங்குகிற நேரம். கார் ரேடியோவைப் போட்டால் அவர் குரல் வரும். அப்போதே அவருக்கு வயது 80. பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். முதல் மூன்று இன்னிங்ஸ்தான் அவர் பேச்சு ரேடியோவிலும் வரும், அதற்குப் பிறகு டிவியில் மட்டும். அதனால் வீடு வந்து சேர்ந்த பிறகும் மூன்றாவது இன்னிங்ஸ் முடியும்வரை பார்க்கிங்கிலேயே உட்கார்ந்திருப்பேன். மாடியிலிருந்து மனைவி போன் செய்வாள். "ஏங்க, கார் வந்து அரை மணி நேரமாச்சு, யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?"

அவர்தான் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு வர்ணனையாளர் கிடையாது. தனியாக உட்கார்ந்து கேட்பவரிடமே நேராகப் பேசுவார். மட்டை பிடித்து நிற்பவனின் குடும்பக் கதையை ஆரம்பிப்பார். நடுவில் பந்து வரும். அது பாலா (அடிக்க வாகில்லாமல் விலகிப் போனதா) ஸ்ட்ரைக்கா (மட்டைக்காரர் தவறவிட்டதா) என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வார். எனக்கு யாரும் அந்த ஆட்டத்தைச் சொல்லித்தரவில்லை. அவரைக் கேட்டுக் கேட்டே புரிந்தது.

1950-ல், அணி நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்தபோது, 22 வயதில் சேர்ந்தார். 1958-ல் அணியோடு லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தார். அங்கே அணி முதலில் ஆடிய கொலிசியம் என்ற மைதானம் பேஸ்பாலுக்காகக் கட்டியதல்ல, மிகப் பெரியது. பின்வரிசையில் இருப்பவர்களுக்கு ஆட்டம் சரியாகத் தெரியாது. டிரான்சிஸ்டரை மைதானத்துக்கே கொண்டுபோய், கண்ணெதிரே நடப்பதை அவர் சொல்லக் கேட்டார்கள்.

ஆனால் நான் சொல்லவந்தது அவர் பேசாமல் இருந்ததைப் பற்றி. சிறுவயதில் வீட்டிலிருந்த நாலு கால் ரேடியோவுக்கு அடியில் தலையணை போட்டுப் படுத்து, கூட்டத்தின் ஆரவாரம் தன்மேல் கொட்டுவதைக் கேட்பாராம். கடைசிவரை அந்த ஆரவாரத்துக்கு அவர் இடம் விட்டார். 1974-ல் அட்லாண்டாவில், அந்த ஊர் அணியின் ஹாங்க் ஆரன் பழைய சாதனையை முறியடிக்கும் 715-வது ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தபோது கூட்டத்தின் சத்தத்தை மட்டும் கேட்கவிட்டார். பிறகுதான், அமெரிக்காவின் தெற்கில் ஒரு கறுப்பினத்தவருக்கு மக்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள் என்றார். பந்து வீசியவர் டாட்ஜர்ஸ் அணியின் ஆல் டவுனிங், அதாவது அடி வாங்கியது ஸ்கல்லியின் சொந்த அணி என்பதையும் கவனியுங்கள். 1988-ல் உலகத் தொடர் என்று சொல்லப்படும் அமெரிக்க பேஸ்பால் இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், காலில் காயத்தோடு வந்த டாட்ஜர்ஸ் வீரர் கிர்க் கிப்சன் ஹோம் ரன் அடித்து ஜெயிக்கவைத்தபோது ஸ்கல்லி ஒரு நிமிடத்துக்கும் மேல் வாயே திறக்கவில்லை.

சம்பளம் கொடுத்தது டாட்ஜர்ஸ், நடுநிலை எங்கே என்று யாராவது கேட்பீர்கள். "நாம ஜெயிச்சோம்" என்று அவர் பேச மாட்டார். தன் அணியைப் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுவார். இதைச் சொல்வதால் நம் கிரிக்கெட் வர்ணனையாளர்களை மட்டம் தட்டுகிறேன் என்றும் தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு ஆறாத ஒரு குறை உண்டு. 2014-ல் டாட்ஜர்ஸ் ஆட்டங்கள் புதிய சேனலுக்குப் போயின. பணத் தகராறில் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு அந்தச் சேனல் வரவில்லை. எங்கள் கேபிள்காரர்களுக்கு எத்தனை முறை போன் செய்திருப்பேன்! ஒவ்வொரு முறையும் வேறு ஆள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். மாதக் கட்டணத்தை மட்டும் ஏற்றினார்கள், கேட்டால் பதில் இல்லை. அவர் பேசிய கடைசி மூன்று சீசன்களில் எனக்கு மிஞ்சியது ரேடியோவின் மூன்று இன்னிங்ஸ்தான்.

2016-ல் அவருடைய கடைசி ஆறு ஆட்டங்களை மட்டும் ஆன்டெனாவில் வரும் சேனலில் காட்டினார்கள். அக்டோபர் 2, சான் பிரான்சிஸ்கோவில் கடைசி ஆட்டம். 67 சீசன்கள் முடிந்தன. மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தாள்.