மலாவியில் இணையம் ஏன் விலை அதிகம்? வானொலியை ஏன் இன்னும் இவ்வளவு நம்புகிறார்கள்?

தொலைத்தொடர்புக் கட்டமைப்பு என்பது நம் கைப்பேசிக்கும் உலகத்துக்கும் நடுவே உள்ள பாதை: கடலடி வடம், தரைக்கடியில் போகும் கண்ணாடியிழை வடம், கோபுரம், எல்லாவற்றையும் இயக்கும் மின்சாரம்.

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவிக்குக் கடற்கரை கிடையாது. கடலடி வடங்கள் மொசாம்பிக், தான்சானியா கரைகளில் ஏறி, அங்கிருந்து தரைவழியாக மலாவியை அடைகின்றன. கடைமடை வயலை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் எங்கே உடைந்தாலும் முதலில் காய்வது அதுதான். 2024 மே மாதம் தென்னாப்பிரிக்கக் கடற்பகுதியில் ஈசி, சீகாம் என்ற இரு வடங்கள் அறுந்தபோது மலாவியிலும் இணையம் தடுமாறியது. வழியில் சேரும் கட்டணங்களால் விலையும் ஏறுகிறது.

ஆனால் இதைவிடப் பெரிய தடை மின்சாரம் என்பேன். கிராமங்களில் பெரும்பாலான வீடுகளுக்கு மின் இணைப்பு இல்லை. சந்தையில் ஒரு சோலார் தகடு, ஒரு கார் பேட்டரி, அதைச் சுற்றி ஊராரின் கைப்பேசிகள். காசு கொடுத்து ஏற்றிய சார்ஜைக் காணொளி பார்த்துத் தீர்க்க யாருக்கு மனம் வரும்? வானொலிக்கு இரண்டு டார்ச் பேட்டரி போதும். வயலில் வேலை செய்துகொண்டே சிச்சேவா மொழியில் செய்தி கேட்கலாம். அரசுத் தொலைக்காட்சியே 1999-இல்தான் வந்தது.

ஆப்பிரிக்காவுக்கு இணையம் செயற்கைக்கோள் வழியாகவே வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 2023-இல் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவை மலாவிக்கு வந்த பின்னும் அங்கே இணையத்தின் பெரும்பகுதி வருவது வடங்களின் வழியேதான்.