கைக்குட்டையைப் பற்றி ஒரு பொய்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் பாடமாகப் படித்த ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தை நாற்பது வயதில் மறுபடி படித்தேன். மனைவி டெஸ்டிமோனா தனக்குத் துரோகம் செய்தாள் என்று நம்பி அவளைக் கொன்றுவிடுகிறான் தளபதி ஒதெல்லோ. அறிவோடு நேசிக்காமல் அளவுக்கு மீறி நேசித்துவிட்டேன் என்று சாகும்போது அவனே சொல்கிறான். அத்தனை அன்பு இருந்ததால்தானே அத்தனை பொறாமை? எல்லாம் பொய் சொல்லி அவனை நம்பவைத்த கீழதிகாரி இயாகோ செய்த வேலை அல்லவா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அது கொலைகாரன் தனக்குத் தானே பாடிக்கொண்ட இரங்கற்பா. அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பொறாமை இயாகோவுக்கு உரியது. அவன் எதிர்பார்த்த பதவி காசியோ என்ற இன்னொருவனுக்குப் போய்விட்டது. ஒதெல்லோவுக்கு வந்ததை நம் வீடுகளில் சந்தேகம் என்பார்கள். கருப்பன், அந்நியன் என்று வெனிஸ் அவனைப் பார்த்த பார்வையும் அதில் கலந்திருக்கிறது. அந்த அளவில் எனக்கும் அவன்மேல் இரக்கம் உண்டு.

ஆனால் நான்காம் அங்கத்தைப் பாருங்கள். ஊரார் முன்னால் அவன் டெஸ்டிமோனாவை அறைகிறான். வெனிஸிலிருந்து ஓலை கொண்டுவந்த லொடோவிக்கோ அவளுக்கு உறவினர். “வெனிஸில் இதை யாரும் நம்பமாட்டார்கள்” என்று திகைக்கிறார், சமாதானம் செய்யச் சொல்கிறார். பிறகு? அன்றிரவு அங்கேயே விருந்து. அடிவாங்கிய பெண்ணுக்கு நன்றி சொல்லி விடைபெறுகிறார். இயாகோ அந்த வீட்டுக்குள் எதையும் புதிதாகக் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை.

என்னைத் தூங்கவிடாதது எமிலியாவின் ஒரு வரி. அவள் இயாகோவின் மனைவி, டெஸ்டிமோனாவின் பணிப்பெண். ஒதெல்லோ பரிசளித்த கைக்குட்டையை டெஸ்டிமோனா தவறவிட்டபோது எடுத்தவள் அவள். கணவன் கேட்டானே என்று எடுத்தாள், அவன் பிடுங்கிக்கொண்டான், அதையே டெஸ்டிமோனாவின் துரோகத்துக்குச் சாட்சியாக்கினான். “எங்கே தொலைத்திருப்பேன், எமிலியா?” என்று டெஸ்டிமோனா கேட்கும்போது, “தெரியாது அம்மா” என்கிறாள். கெட்டவள் இல்லை, மனைவி. அதே எமிலியாதான் பிறகு, மனைவிகளுக்கும் பார்வை உண்டு, முகரும் புலன் உண்டு, இனிப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரியும் என்கிறாள். 1622இல் வந்த முதல் பதிப்பில் அந்தப் பேச்சே கிடையாது. அடுத்த ஆண்டு வந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெருந்தொகுப்பில்தான் இருக்கிறது. உங்கள் பழைய பாடநூலில் இருந்ததா?

கடைசிக் காட்சியில் இயாகோ அவளை வீட்டுக்குப் போகச் சொல்கிறான். கணவனுக்குக் கீழ்ப்படிவது முறைதான், ஆனால் இப்போது இல்லை என்கிறாள். கைக்குட்டையைப் பற்றிய உண்மையைச் சொல்கிறாள். அவன் குத்துகிறான். என்னை என் எஜமானிக்குப் பக்கத்தில் கிடத்துங்கள் என்று மட்டும் கேட்கிறாள்.