கோபியில் எடுத்த ரத்தம், கோவையில் 6.1 பொட்டாசியம்

வணக்கம்ங்க. அம்மாவுக்குக் கோபியில காலைல எடுத்த ரத்தம் ஐஸ் பெட்டியில சாயங்காலம்தான் கோவை லேபுக்குப் போச்சு, கிட்னி வேலையைக் காட்டற கிரியாட்டினின் சரி, பொட்டாசியம் மட்டும் கூடுதலா 6.1னு எழுதியிருக்கீங்க. ரத்தச் செல்லுக்குள்ள பொட்டாசியம் வெளியே இருப்பதைவிட 30 மடங்கு வரை அதிகம். சீரத்தை, அதாவது ரத்தம் உறைஞ்சதும் மேல தெளியற நீரை, பிரிக்காம மணிக்கணக்கா வச்சா அந்தப் பொட்டாசியம் வெளியே கசியும். குளிர்ல இன்னும் கூடுதலா. செல் உடைஞ்சா சீரம் வைக்கோல் நிறம் மாறி இளஞ்சிவப்பாகும், லேபில தினம் பார்க்கறேன். வெறும் கசிவுல நிறமே மாறாது, அதான் ஏமாத்திடும்.

ஆனா தப்பான ரிசல்ட்னு நாமளா முடிவு பண்ணக் கூடாதுங்க. பொட்டாசியம் நிஜமாவே கூடியிருந்தா இதயத்துடிப்பைப் பாதிக்கும், அதனால இன்னைக்கே ஆஸ்பத்திரி போய் ஈசிஜி எடுங்க. அங்கேயே ரத்தம் எடுத்து உடனே பார்க்கச் சொல்லுங்க. ரத்தம் எடுக்கறப்ப அம்மா கையை இறுக்கி மூடித் திறக்க வேண்டாம், அதுலயும் பொட்டாசியம் கூடிக் காட்டும். பொட்டாசியத்தைக் கூட்டக்கூடிய டெல்மிசார்டான் மாதிரி பிரஷர் மாத்திரை சாப்பிட்டா டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.