முள் 115 காட்டுகிறது, பஸ்ஸர் ஏன் அடங்கவில்லை?

கேள்வி: எங்களுடையது ஏர் பிரேக் உள்ள பெரிய மோட்டார்ஹோம். இன்ஜினைப் போட்டுப் பத்து நிமிடம் கழிந்தும் காற்றழுத்த பஸ்ஸர் நிற்பதில்லை, சிவப்பு விளக்கும் அணைவதில்லை. டேஷ்போர்டில் இரண்டு முள்ளும் 115 பி.எஸ்.ஐ.யில் நிற்கின்றன. பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. 'ஸ்விட்ச் போயிருக்கும், ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள்' என்கிறார் மெக்கானிக். ஓட்டலாமா?

பதில்: கூடாது. ஒயரைக் கழற்றுவது கோளாறு எங்கே என்று பார்க்க மட்டும்தான். இந்த பஸ்ஸர் அழுத்தம் 60 பி.எஸ்.ஐ.க்கு, அதாவது சுமார் 4.1 பாருக்குக் கீழே போவதற்குள் கத்த வேண்டும். அதற்கும் கீழே இறங்கி 20 முதல் 45 பி.எஸ்.ஐ.க்குள் வந்தால், டேஷ்போர்டில் உள்ள பார்க்கிங் பிரேக் குமிழ் தானாக வெளியே துள்ளி, காற்று இல்லாதபோது ஸ்பிரிங்கின் விசையால் பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக் பின்சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். ஓடும் வண்டியில் அது நடப்பதற்கு முன்பு கிடைக்கும் ஒரே அவகாசம் பஸ்ஸர்தான்.

முதலில் முள் சொல்வது உண்மையா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் டேங்கின் காற்றே மெல்லிய குழாய் வழியாக மீட்டருக்கு வரும். அது பெரும்பாலும் பொய் சொல்லாது. அழுத்தத்தை மின்சாரமாக மாற்றி மீட்டருக்கு அனுப்பும் சென்டர் (sender) உள்ளவற்றில் அதுவோ எர்த்தோ கெட்டால் முள் தன் இஷ்டத்துக்கு நிற்கும். டேங்கில் சோதனை வால்வு இருந்தால் தனி பிரஷர் கேஜ் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். முன் பிரேக்குக்கு ஒன்று, பின் பிரேக்குக்கு ஒன்று என இரண்டு சுற்றுகள் இருப்பதால் இரண்டு டேங்கையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் குறைவாக இருந்தாலும் பஸ்ஸர் கத்தும். அப்போது கோளாறு ஸ்விட்சில் இல்லை, காற்றில்தான்.

காற்று சரியாக இருந்தால் மின்சாரப் பக்கம் போகலாம். சுற்றுக்கு ஒன்றாக இரண்டு ஸ்விட்சுகள் இருக்கும். பிரேக் பெடல் வால்வின் அருகிலோ, டேஷ்போர்டின் பின்னால் காற்றுக் குழாய்கள் கூடும் இடத்திலோ, சில வண்டிகளில் டேங்கின் மேலேயோ தேடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் இவை காற்று இல்லாதபோது மூடியிருக்கும் வகை. உள்ளே ஸ்பிரிங் ஒன்று இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்திருக்கும்; காற்று ஏறியதும் டயாஃப்ரம் என்ற வளையும் சவ்வு ஸ்பிரிங்கைத் தள்ளி இணைப்பைப் பிரிக்கும். இணைந்திருக்கும்வரை பஸ்ஸரின் ஒயருக்கு எர்த் கிடைக்கும், சத்தம் வரும். இரண்டு ஸ்விட்சும் ஒரே ஒயரில் பக்கவாட்டில் சேர்வதால் எதில் ஒன்று ஒட்டிக்கொண்டாலும் சத்தம் நிற்காது.

இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆனில் வைத்து, அழுத்தம் 100க்கு மேல் இருக்கும்போது முதல் ஸ்விட்சின் ஒயரைக் கழற்றுங்கள். பஸ்ஸர் நின்றால் பிரச்சினை அந்த ஸ்விட்சின் பக்கம். நிற்காவிட்டால் அதை மாட்டிவிட்டு இரண்டாவதைக் கழற்றுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் இரண்டையும் சேர்த்துக் கழற்றுங்கள். அப்போதும் கத்தினால் ஸ்விட்சுகள் மேல் பழி இல்லை. ஒயரின் தோல் உரிந்து எங்கோ சேசிஸில் படுகிறது, அல்லது டேஷ்போர்டின் எலக்ட்ரானிக் பெட்டி கெட்டிருக்கிறது. கிளாம்பின் விளிம்பு, டேஷ்போர்டின் தகட்டைத் துளைத்துப் போகும் இடம், இன்ஜின் சூடு படும் வளைவு என்று ஒயர் போகும் வழியைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். தடவும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால் இடம் பிடிபட்டுவிடும்.

ஒரு விதிவிலக்கு. கனெக்டரில் மூன்று ஒயர் போனால் பெரும்பாலும் அது ஸ்விட்ச் அல்ல, பிரஷர் சென்சார். முடிவெடுப்பது கம்ப்யூட்டர். அதைக் கழற்றினால் சத்தம் கூடுமே தவிர நிற்காது. ஸ்கேன் கருவி இல்லாமல் கைவைக்க வேண்டாம்.

சந்தேகம் ஒரு ஸ்விட்சில் வந்து நின்றதும் உடனே புதிது வாங்கிவிடாதீர்கள். ஸ்விட்சுக்குக் காற்று போய்ச் சேர்கிறதா என்பதுதான் பலர் தாண்டிவிடும் கேள்வி. கம்ப்ரஸரிலிருந்து வரும் எண்ணெய்ப் பசையும் பழைய டெஃப்லான் டேப்பின் துணுக்கும் ஸ்விட்சுக்குக் காற்று போகும் சின்னத் துளையை அடைத்தால், டேங்கில் 115 இருந்தும் ஸ்விட்சுக்குப் பூஜ்யம்தான். நல்ல ஸ்விட்ச்கூட அப்போது கத்தத்தான் செய்யும்.

கழற்றும் முன் சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டை போட்டு, ட்ரெயின் வால்வுகளை (டேங்கிலிருந்து காற்றையும் தண்ணீரையும் வெளியே விடுபவை) திறந்து எல்லா டேங்கையும் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் காற்று இறங்கினால் பாடி கீழே உட்காரும். சேசிஸுக்கு உறுதியான ஸ்டாண்ட் கொடுக்காமல் அடியில் தலையை நீட்டவே கூடாது. ஸ்விட்சைக் கழற்றிய துளையில் கேஜைப் பொருத்தி மறுபடி காற்று ஏற்றுங்கள். கேஜ் 100 காட்டினால் துளை சுத்தம், கெட்டது ஸ்விட்ச்தான். கேஜ் அசையாவிட்டால் மறுபடி காற்றை இறக்கித் துளையைச் சுத்தம் செய்யுங்கள்.

புதிய ஸ்விட்சில் மரையின் அளவு மட்டுமல்ல, எத்தனை பி.எஸ்.ஐ.யில் மாறும், எத்தனை டெர்மினல், மூடியிருக்கும் வகையா திறந்திருக்கும் வகையா என்பதெல்லாம் பழையதோடு பொருந்த வேண்டும். மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். பிறகு கட்டையை எடுக்காமலே இன்ஜினை அணைத்து, சாவி ஆனில் இருக்க, பெடலை மிதித்து மிதித்துக் காற்றை இறக்குங்கள். 60க்கு இறங்குவதற்குள் பஸ்ஸர் வந்தால்தான் வேலை முடிந்தது.

கேள்வி: எங்கள் வண்டியில் நேர்மாறு. புது ஸ்விட்ச் போட்டபின், டேங்கில் சுத்தமாகக் காற்றே இல்லாதபோதும் பஸ்ஸர் வருவதில்லை.

பதில்: இதுதான் ஆபத்தானது. ஒற்றை டெர்மினல் ஸ்விட்சுக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான் கிடைக்கிறது. டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றி மாட்டினால் ஸ்விட்சுக்கும் உலோகத்துக்கும் தொடர்பு அறுந்துபோகும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஸ்விட்சின் உடலுக்கும் சேசிஸுக்கும் நடுவே பாருங்கள். கிட்டத்தட்டப் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் டேப்பை முழுக்கச் சுரண்டி எடுத்து, முதல் இரண்டு மரைகளை விட்டுவிட்டு சீலன்ட் பேஸ்ட் மெல்லியதாகத் தடவி மாட்டுங்கள். பேஸ்ட் துணுக்காக உதிர்ந்து வால்வுக்குள் போகாது என்பது இன்னொரு லாபம்.

எர்த் சரியாக இருந்தால், ஸ்விட்சிலிருந்து கழற்றிய ஒயரின் முனையை சேசிஸில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள் (மூன்று ஒயர் சென்சாரில் இதைச் செய்ய வேண்டாம்). பஸ்ஸர் வந்தால் ஸ்விட்ச் காற்று இல்லாதபோது திறந்திருக்கும் வகையாக இருக்கலாம். வராவிட்டால் பியூஸ், பஸ்ஸர், நடுவே அறுந்த ஒயர் என்று அந்த வரிசையில் பாருங்கள்.

கேள்வி: இரவில் 120 பி.எஸ்.ஐ.யோடு நிறுத்துகிறோம். காலையில் முள் பூஜ்யத்தில், பஸ்ஸரும் கத்துகிறது. ஸ்விட்ச் கோளாறா?

பதில்: இல்லை, ஸ்விட்ச் தன் வேலையைச் செய்கிறது. கசிவைத் தேடுங்கள். கட்டை போட்டு, முழு அழுத்தத்தில் இன்ஜினை அணைத்து, பார்க்கிங் குமிழை விடுவித்தால் ஒரு நிமிடத்தில் 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் குறையக் கூடாது. பெடலை அழுத்திப் பிடித்தால் 3. இதைத் தாண்டினால் ஓட்டும் முன்பே சரிசெய்ய வேண்டிய கசிவு. தாண்டாவிட்டால் சின்னக் கசிவுதான், ஆனாலும் தேடிப் பிடியுங்கள்.

மோட்டார்ஹோமில் பிரேக் தவிர சஸ்பென்ஷன் பை, உயரம் சரிசெய்யும் வால்வு, ஏர் ஹார்ன் எல்லாம் அதே கம்ப்ரஸரின் காற்றைத்தான் குடிக்கின்றன. அவற்றில் கசிந்தாலும் பிரேக் டேங்க் காலியாகாமல் தடுக்க பாதுகாப்பு வால்வும், டேங்கின் வாயில் ஒருவழி வால்வும் உண்டு. வண்டியும் ஒரு பக்கம் சாய்ந்திருந்து, இரண்டு முள்ளும் பூஜ்யத்தில் இருந்தால் அந்த வால்வுகள் சரியாக மூடுவதில்லை என்று சந்தேகப்படலாம். வண்டி சாயாமல் ஒரே ஒரு முள் மட்டும் இறங்கினால் சோப்புத் தண்ணீரை அந்தச் சுற்றின் டேங்க், ட்ரெயின் வால்வு, பெடல் வால்வு ஆகியவற்றில் தொடங்குங்கள். ட்ரெயின் வால்வின் வாயில் மணல் ஒட்டிக்கொண்டு கசிவது சகஜம். இரண்டு முறை இழுத்துவிட்டாலே சில நேரம் சரியாகும்.