பிள்ளைகளின் பொழுதுபோக்குக்கு ஆண்டு பாஸ் எடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, மகளுக்கு 13. விடுமுறை வந்தாலே எங்காவது போகலாம் என்கிறார்கள். போய்விட்டு வந்தால் அந்த மாதம் பட்ஜெட்டில் துண்டு விழுகிறது. பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் 4 பேருக்கும் ஆண்டு பாஸ் எடுத்தால் மிச்சமாகும், தவணையிலும் கட்டலாம் என்கிறார் கணவர். எடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பாஸ் விலையை ஒருநாள் டிக்கெட் விலையால் வகுத்துப் பாருங்கள். 4 என்று வந்தால் 5-வது முறை போகும்போதுதான் லாபம் தொடங்கும். கடந்த 12 மாதத்தில் அந்தப் பூங்காவுக்கு எத்தனை முறை போனீர்கள்? அதை வைத்தே முடிவெடுங்கள். ‘பாஸ் இருந்தால் அடிக்கடி போவோம்’ என்ற எண்ணத்தை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 3 உடற்பயிற்சிக் கூடங்களின் 7,752 உறுப்பினர்களை ஆராய்ந்து டெல்லாவின்யா, மால்மெண்டியர் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதச் சந்தா கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 முறைதான் வந்திருந்தார்கள். 10 முறைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஆகும் செலவைவிட, ஒவ்வொரு வருகைக்கும் சுமார் 70 சதவீதம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள்.

அதோடு, 16 வயதுப் பையன் இனி நண்பர்களோடு போகத்தான் ஆசைப்படுவான். அது இயல்பு. நீங்கள் எடுக்கும் குடும்ப பாஸ் அதற்கு உதவாது.

துண்டு விழுவதற்கு டிக்கெட் மட்டும் காரணமாக இருக்காது. கடைசியாகப் போன 3 பயணங்களின் செலவை எழுதிப் பாருங்கள்: போக்குவரத்து, சாப்பாடு, லாக்கர் வாடகை, போட்டோ, விளையாட்டு டோக்கன். பல இடங்களில் 12 வயதோடு சிறுவர் கட்டணம் முடிந்துவிடும், அதனால் மகளுக்கும் முழு டிக்கெட்டாக இருக்கலாம். மாணவர் அட்டைக்குச் சலுகை உண்டா என்று கேளுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு வருடத்துக்கு இதற்கென்று எவ்வளவு ஒதுக்க முடியும் என்று முதலில் முடிவு செய்து, 12-ஆல் வகுத்து மாதாமாதம் தனிக் கணக்கில் போடுங்கள். விடுமுறை வந்ததும் அதில் ஒரு பங்கைப் பிள்ளைகளிடமே கொடுத்து, ‘இதற்குள் நீங்களே திட்டம் போடுங்கள், மிஞ்சினால் அடுத்த பயணத்துக்கு உங்களுக்கே’ என்று சொல்லுங்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மிச்சம் உங்களிடம் திரும்பி வரும் என்றால் அவர்கள் ஏன் மிச்சம் பிடிக்கப் போகிறார்கள்?

முதல் தடவை கணக்குத் தப்பும். நுழைவுக் கட்டணத்தை எழுதிவிட்டு, திரும்பி வரும் செலவை மறந்திருப்பார்கள். திட்டாமல் அந்தத் தொகையைக் கொடுத்து, அடுத்த பங்கில் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை அவர்களே வார நாள் கட்டணம் குறைவா என்று தேடுவார்கள். அப்புறம் மலையேற்றம், சைக்கிள் பயணம், அருங்காட்சியகம் என்று குறைந்த செலவில் முழு நாளும் கழியும் இடங்கள் பட்டியலில் ஏறும். இந்த வயதில் இடத்தைத் தாங்களே தேர்ந்தெடுப்பதே அவர்களுக்குப் பெரிய சந்தோஷம்.

ஸ்கேட்டிங், சுவர் ஏறுதல் போன்றவற்றில் ஆர்வம் வந்தால் கருவிகளை உடனே வாங்காமல் 4, 5 முறை வாடகைக்கு எடுக்கட்டும்.

தவணை பற்றிக் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: பிள்ளைகள் 2-வது மாதமே அலுத்துப்போய் நிறுத்தினாலும் மீதித் தவணைகளைக் கட்டியே ஆக வேண்டியிருக்கும்.