மண்ணின் அமிலத்தன்மை கூடினால் உலோகமும் நானோ துகளும் மண்புழுவுக்கு அதிக நஞ்சாகுமா?

பெரும்பாலும் ஆம். துத்தநாகம், காட்மியம், ஈயம், நிக்கல் எல்லாம் இந்த விதிக்குள் வரும். ஆர்செனிக் வராது, அதைக் கடைசியில் சொல்கிறேன். மண்புழு நச்சுச் சோதனைகளோடு பழகியவன் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்வேன்: ஒரு கிலோ மண்ணில் இத்தனை மில்லிகிராம் உலோகம் என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு புழுவின் கதியைச் சொல்லவே முடியாது. பக்கத்தில் பிஎச் அளவும் வேண்டும் (அமிலத்தன்மையைக் காட்டும் எண் இது; எண் குறையக் குறைய அமிலம் கூடும்).

களிமண் துகள்களிலும் மட்கிலும் எதிர்மின்னூட்டம் உள்ள இடங்கள் ஏராளம். உலோக அயனிகள், அதாவது நேர்மின்னூட்டம் கொண்ட உலோக அணுக்கள், அங்கேதான் ஒட்டிக் கிடக்கின்றன. பிஎச் 6-லிருந்து 5-க்கு இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்காகும். அவை அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ள, உலோகம் மண் ஈரத்துக்குள் தள்ளப்படுகிறது. மண்புழு ஈரத்தோலால் சுவாசிக்கும் உயிர். ஈரத்தில் கரைந்தது எதுவோ அது தோல் வழியே உள்ளே போகும். கிலோவுக்கு 300 மில்லிகிராம் துத்தநாகம் உள்ள நடுநிலை மண்ணில், மட்கும் நிறைந்திருந்தால், புழுக்கள் நன்றாகப் பெருகிக்கொண்டிருக்கலாம். அதே அளவு உலோகம் மணற்பாங்கான அமில மண்ணில் இருந்தால் புழு உயிரோடு இருக்கும், முட்டைக்கூடு இடுவது குறைந்துவிடும். சாவை மட்டும் எண்ணும் 14 நாள் சோதனையில் இது தெரியாது. குஞ்சுகளை எண்ணும் 56 நாள் சோதனையில்தான் தெரியவரும். அதனால் எனக்கு இரண்டாவதன்மேல்தான் நம்பிக்கை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உலோகம் உள்ளே நுழையும் அதே வாசலுக்கு ஹைட்ரஜன் அயனியும் கால்சியமும் போட்டி போடுகின்றன. எனவே மண் ஈரத்தில் கரைந்த உலோகம் ஒரே அளவாக இருந்தால், அமிலம் கூடிய இடத்தில் நஞ்சு சற்றுக் குறைவாகவே தெரியலாம். ஆனால் உண்மையான மண்ணில் அமிலம் விடுவிக்கும் உலோகத்தின் அளவு பெரும்பாலும் இந்தப் பாதுகாப்பை மிஞ்சிவிடும்.

நானோ துகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள், என்றால் நான் முதலில் கேட்பது, அது கரையுமா என்பதைத்தான். துத்தநாக ஆக்சைடு அமில மண்ணில் வேகமாகக் கரைந்து அயனியாகிவிடும். பிறகு அது சாதாரணத் துத்தநாக உப்பைப் போலவே நடந்துகொள்ளும். பிஎச் கூடினால் கரைவது குறையும், நச்சும் குறையும். டைட்டானியம் டை ஆக்சைடு கிட்டத்தட்டக் கரைவதே இல்லை. அங்கே பிஎச் மாற்றுவது துகள்களின் மேற்பரப்பு மின்னூட்டத்தையும், அவை ஒன்றோடொன்று திரள்வதையும்தான். வெள்ளி நானோ துகள்தான் சிக்கலானது. ஆக்சிஜன் பட்டு மெல்ல அயனியை விடும் என்பதால் நாளாக ஆக நச்சு ஏறலாம். ஆனால் கழிவுநீர்க் கசடு வழியாக வரும் வெள்ளி பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்து சல்பைடாக மாறியே மண்ணை அடைகிறது. அது மிகக் குறைவாகவே கரையும். புதுத் துகளை மண்ணில் கலந்த உடனே செய்த சோதனையை வைத்து வயல் நிலைமையைத் தீர்மானிப்பது தவறு.

சோதனை அறிக்கை எதைப் படித்தாலும், உலோகம் கலக்காத அதே பிஎச் மண்ணில் புழு எப்படி இருந்தது என்று கட்டாயம் பாருங்கள். சோதனைகளில் வழக்கமாகப் பயன்படும் ஐசீனியா இனம் கடும் அமிலத்தில் தானாகவே தடுமாறும். ஊசியிலைக் காட்டு மண்ணில் வாழும் டென்ட்ரோபீனா ஆக்டேட்ரா என்ற இனம் அதைத் தாங்கும். இனத்தையும் பிஎச்சையும் கவனிக்காமல் பழியை உலோகத்தின்மேல் போட்டுவிடுவது எளிது.

சுண்ணாம்பு இட்டால் சரியாகுமா என்றால், துத்தநாகத்துக்கும் காட்மியத்துக்கும் நல்ல பலன் உண்டு. ஆனால் உலோகம் மண்ணைவிட்டுப் போய்விடவில்லை. யூரியாவும் அம்மோனியம் உரங்களும் ஆண்டுக்கணக்கில் மண்ணை மறுபடி அமிலமாக்கும், அப்போது அது திரும்ப வெளிவரும். ஆர்செனிக் கலந்த மண்ணில் சுண்ணாம்பு இடும் முன் நிச்சயம் பரிசோதியுங்கள். ஆர்செனிக் பெரும்பாலும் எதிர்மின் அயனியாக இருப்பதால் பிஎச் ஏறும்போதுதான் மண் துகளைவிட்டு அதிகம் வெளிவரும்.