மூவர் கூடுவதை முன்கூட்டி அறிய முடியுமா?

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வியாபாரம் செய்கிறேன். நானும் நண்பர்கள் இருவரும் இருவர் இருவராகச் சேர்ந்து தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் வாங்கியிருக்கிறோம். மூவரும் ஒரே பேரத்தில் இறங்கியதில்லை. இனி இறங்குவோமா என்று, யார் யாரோடு இணைகிறார் என்பதை ஆராயும் வலையமைப்பு ஆய்வு சொல்லுமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: உறுதியாகச் சொல்லாது, மற்ற மூவர் குழுக்களோடு ஒப்பிட்டு, வாய்ப்பு கூடுதலா குறைவா என்று சொல்லும். ஆட்களைப் புள்ளிகளாகவும் தொடர்புகளைக் கோடுகளாகவும் வரையும் வழக்கமான வலைப்படத்தில் ஒரு கோடு இருவரையே இணைப்பதால், இருவர் இருவராகச் சேர்ந்த உங்கள் முக்கோணமும், மூவரும் ஒன்றாகப் பங்குகொண்ட முக்கோணமும் ஒன்றுபோலவே தெரியும். அந்த வேறுபாடு மறைவது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன். 2018இல் ஆஸ்டின் பென்சன், ஜான் கிளைன்பெர்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஐவர், ஆய்வுக்கட்டுரைகளைச் சேர்ந்து எழுதுவோர், மின்னஞ்சல், மருந்துகள் எனப் பல துறைகளின் 19 தரவுத்தொகுப்புகளை ஆராய்ந்து, மூவர் கூட்டைக் கணிக்கத் தொலைதூரத் தொடர்புகளைவிட முக்கோணத்தின் மூன்று பக்கங்களின் வலிமையே, அதாவது ஒவ்வோர் இணையும் எத்தனை முறை சேர்ந்தது என்பதே, பெரிதும் உதவுகிறது எனக் கண்டனர். ஆகவே உங்கள் கணக்கேட்டில் ஒவ்வோர் இணையும் எத்தனை முறை சேர்ந்து வாங்கியது என்று எண்ணி, அவற்றின் இசைச்சராசரியை (harmonic mean: ஒவ்வோர் எண்ணாலும் 1ஐ வகுத்துக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் 3ஐ வகுப்பது) பாருங்கள்; அது கூடுதலானால் வாய்ப்பும் கூடுதல். 10, 10, 1 என்றிருந்தால் சாதாரணச் சராசரி 7, இசைச்சராசரியோ 2.5தான், ஏனெனில் மெலிந்த ஒரு பக்கமே அதைக் கீழே இழுத்துவிடுகிறது.